ஓல்ட் ஃபேஷன்ட் மறுபடியும் ஃபேஷன் ஆனது எப்படி?

கொஞ்சம் சர்க்கரை, சில சொட்டு பிட்டர்ஸ், துளி தண்ணீர், விஸ்கி. 'ஓல்ட் ஃபேஷன்ட்' காக்டெயில் என்பது அவ்வளவுதான். 1806-ல் நியூயார்க் மாநிலத்தின் ஹட்சன் நகரப் பத்திரிகை ஒன்று, காக்டெயில் என்றால் என்ன என்று வாசகருக்கு விளக்கியபோதும் ஏறத்தாழ இதையேதான் சொன்னது. 200 வருஷப் பழைய சரக்கு. இன்னைக்கு அமெரிக்க பார்களில் அதுக்குத்தான் மவுசு.

காரணம் கேட்டால் பலரும் 2007-ல் வந்த 'மேட் மென்' டிவி தொடரைக் காட்டுவார்கள். கோட் சூட் போட்ட ஹீரோ டான் டிரேப்பர் கையில் எப்பவும் அந்த கிளாஸ்தான். அதுவும் உண்மை. ஆனால் எனக்கு முக்கியமாகப் படுவது வேறு: யாரும் வாங்காமல் கிடங்கில் தேங்கிய பீப்பாய்கள்.

பர்பன் விஸ்கிக்கு அமெரிக்கச் சட்டம் கறாரானது. தானியத்தில் குறைந்தது 51% மக்காச்சோளம் இருக்கணும்; உள்பக்கம் கருக்கிய புது ஓக் பீப்பாயில்தான் ஊற வைக்கணும். நல்ல சரக்குக்குப் பல ஆண்டுகள் பிடிக்கும். அதாவது, 2034-ல் மக்கள் என்ன குடிப்பார்கள் என்று இன்றைக்கே யூகித்துப் பீப்பாயை நிரப்பணும்.

1970-களில் அந்த யூகம் தப்பியது. இளைஞர்கள் வோட்காவுக்குத் தாவினார்கள். பர்பன் 'அப்பா குடிக்கிற சரக்கு' ஆனது. லூயிவில்லின் பெயர்பெற்ற ஸ்டிட்செல்-வெல்லர் ஆலை 1992-ல் வடிப்பதையே நிறுத்தியது. ஆனால் கிடங்கில் இருந்த விஸ்கி பாட்டுக்கு முதிர்ந்துகொண்டே இருந்தது. அதில் ஒரு பகுதிதான் பின்னால் 'பாப்பி வான் விங்கிள்' என்ற பெயரில் பாட்டிலுக்குள் போனது. இன்று அந்தப் பாட்டில்கள் கைமாறுவது ஆயிரக்கணக்கான டாலருக்கு!

1999-ன் கடைசி நாளில் நியூயார்க்கில் சாஷா பெட்ராஸ்கி 'மில்க் அண்ட் ஹனி' என்ற சின்ன பாரைத் திறந்தார். புதுசாகப் பிழிந்த சாறு, நல்ல ஐஸ், பழைய செய்முறைகள். இந்த வழியில் வந்த பார்டெண்டர்களுக்கு அப்போது நல்ல விஸ்கி மலிவாகவே கிடைத்தது. மறுமலர்ச்சியின் ஆரம்பம் இதுதான்: கைத்திறமை பாதி, விற்காத சரக்கு பாதி.

அப்புறம் வந்தது மார்க்கெட்டிங். 'தாத்தா காலத்து ரெசிபி' என்று கதை சொன்ன பல புது பிராண்டுகள் சரக்கை வாங்கியது இண்டியானாவின் லாரன்ஸ்பர்க்கில் உள்ள ஒரே பெரிய ஆலையில். பின்பக்க லேபிளின் பொடி எழுத்தைப் படித்தால் பல நேரம் புரிந்துவிடும். (மது உயிருக்குக் கேடு என்பது 12 வருஷம் ஓக்கில் ஊறினாலும் மாறாது. அது வேற விஷயம்.)

இப்போ சக்கரம் திரும்பிவிட்டது. சுமார் 45 லட்சம் பேர் வாழும் கென்டக்கியில் 1.4 கோடிக்கும் மேல் பீப்பாய்கள் கிடக்கின்றன. 2025 மார்ச்சில், வரிச் சண்டையில் கனடா மாகாணங்கள் பல அமெரிக்க மதுவை அலமாரியிலிருந்து எடுத்துவிட்டன. ஜிம் பீம் தன் கிளெர்மான்ட் ஆலையில் 2026 முழுக்க வடிப்பதை நிறுத்துவதாக அறிவித்தது. இந்தியாவோ 2025 பிப்ரவரியில் பர்பன் மீதான இறக்குமதி வரியை 150%-லிருந்து 100% ஆக்கியது. விற்காத பீப்பாய்க்குப் புது ஊர் தேவைப்படும் நேரம் பார்த்துக் கதவு கொஞ்சம் திறந்திருக்கிறது.

ஆகவே 'லிமிடெட் எடிஷன்' ஸ்டிக்கருக்காகக் கூடுதல் காசு கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. இன்று ஆளில்லாமல் கிடக்கும் பீப்பாய், 2036-ல் '12 ஆண்டு, அரிய இருப்பு' என்ற லேபிளோடு வரும்னு இப்பவே பந்தயம் கட்டலாம்.