பெட்டி வாங்கினால் போதுமா?

காஞ்சிபுரத்துக்கு வெளியூர்க் கார் வராத நாள் உண்டா? காமாட்சியம்மனைத் தரிசிக்க ஒரு கூட்டம், முகூர்த்தப் புடவை எடுக்க ஒரு கூட்டம். இவர்களை ஏற்றி இறக்கும் நம்ம ஊர் வாடகைக் கார்க்காரர்கள் பழைய வண்டிக்கு ஜி.பி.எஸ். பெட்டி மாட்டுவது இப்போது சர்வசாதாரணம். கடையில் முதல் கேள்வி, "அண்ணே, ஸ்கிரீன் எத்தனை இஞ்ச்?" அடுத்தது, "ரிவர்ஸ் கேமரா ஃப்ரீயா?" உள்ளே இருக்கிற மேப் எந்த வருஷத்தது, யார் புதுப்பித்துத் தருவார்கள், எத்தனை வருஷத்துக்கு என்று கேட்பவரை நான் பார்த்ததில்லை. முதலில் கேட்க வேண்டியதே அதுதான் என்பது என் கட்சி.

"கையில் போன் இருக்கே, பெட்டி எதுக்கு?" என்பீர்கள். நியாயம்தான். ஆனால் நாள் முழுக்க வண்டி ஓட்டுகிறவருக்குப் போன் என்பது சவாரி பிடிக்கிற கருவி. வழி பார்க்கும்போதுதான் கால் வரும். கத்திரி வெயிலில் டேஷ்போர்டில் வைத்தால் சூடாகி அணைந்தும் போகும். அதனால்தான் பெட்டி. ஒரு வித்தியாசம்: போனில் மேப் தானாகவே புதிதாகிக்கொள்ளும். கார்டில் மேப் ஏற்றி விற்ற பெட்டி, யாராவது புதுப்பிக்கும் வரை வாங்கிய நாளிலேயே நிற்கும்.

நின்றால் என்ன ஆகும்? நம்ம பெங்களூர் ரோடு என்.எச். 4 ஆக இருந்தது, பிறகு என்.எச். 48 ஆனது. 2019 நவம்பரில் செங்கல்பட்டு தனி மாவட்டமாகப் பிரிந்தது. அதோடு மாமல்லபுரமும் போயிற்று. பழைய மேப்பில் மாமல்லபுரம் இன்னமும் காஞ்சிபுரம் மாவட்டம்தான்! புதிய மாவட்டப் பெயரைப் போட்டுத் தேடுகிற டிரைவர் முழிக்க வேண்டியதுதான்.

மேப் ஒன்று, உள்ளே ஓடும் ஃபர்ம்வேர் வேறொன்று. இதைக் கடைக்காரர்களே குழப்புகிறார்கள். ஜி.பி.எஸ். சேட்டிலைட்டுகள் வாரத்தை 1980 ஜனவரி 6-லிருந்து எண்ணி அனுப்புகின்றன. பழைய சிக்னலில் அதற்கு ஒதுக்கியது 10 பிட்தான். டிஜிட்டல் பேப்பர் எழுதிய நமக்குச் சொல்ல வேண்டுமா? 0 முதல் 1023 வரை, அப்புறம் கவுண்டர் மறுபடி பூஜ்யம். 1999 ஆகஸ்டில் ஒருமுறை, 2019 ஏப்ரலில் இன்னொருமுறை அப்படி ஆயிற்று. ஃபர்ம்வேர் புதுப்பிக்காத பழைய பெட்டிகள் சிலவற்றில் தேதி ஏறக்குறைய இருபது வருஷம் பின்னால் போனது. அடுத்தது 2038 நவம்பர். செகண்ட் ஹேண்டில் பெட்டி வாங்குகிறவர்கள் முதலில் தேதியைப் பாருங்கள். தப்பாக இருந்தால், கம்பெனி இன்னும் ஃபர்ம்வேர் தருகிறதா என்று விசாரிக்காமல் காசை எடுக்காதீர்கள்.

இன்னொரு ஜாலம், "அப்டேட் போட்டா இஸ்ரோவோட நாவிக்கும் வந்துடும் சார்." எப்படி வரும்? நாவிக்கின் முதல் சேட்டிலைட் 2013-ல் போனது. அது பேசும் எல்5 அலைவரிசை 1176.45 மெகாஹெர்ட்ஸ். சாதாரணப் பெட்டி கேட்பது 1575.42, அதாவது எல்1. 2023-ல் போன என்.வி.எஸ்.-01-லிருந்துதான் நாவிக்கில் எல்1-உம் சேர்ந்தது. அதைப் புரிந்துகொள்ளவும் சிப் அதற்கென்று செய்யப்பட்டிருக்க வேண்டும். ஆன்டெனாவும் சிப்பும் ஏற்காததை எந்த சாஃப்ட்வேரும் கொண்டுவராது.

மாட்டும் வேலையிலும் கோளாறு உண்டு. ஆன்டெனாவை முன்கண்ணாடிக்குக் கீழே, வானம் தெரிகிற இடத்தில் வைக்காமல், இரும்புத் தகட்டுக்குப் பின்னால் செருகிவிடுகிறார்கள். பேட்டரியிலிருந்து நேராக வர வேண்டிய ஒயரை சாவி ஒயரோடு முடிந்துவிட்டால், வண்டியை அணைக்கும்போதெல்லாம் பெட்டி செட்டிங்கை மறந்துவிடும். முதல்முறை போட்டதும் வழி காட்டவில்லை என்று திட்டவும் கூடாது. சேட்டிலைட் தகவல் வருவது நொடிக்கு 50 பிட். எல்லாச் சேட்டிலைட்டின் பட்டியலும் முழுதாக வந்து சேர 12½ நிமிஷம். திறந்த வெளியில் வண்டியை நிறுத்தி ஒரு டீ குடித்துவிட்டு வரலாம்.

ஆனால் புத்தம்புது மேப்பும் நம்ம ஊரை முழுசாகச் சொல்லாது. பிள்ளையார்பாளையம் பக்கத்தில் விடிகாலையில் தெருவை அடைத்துப் பாவு விரித்திருப்பார்கள். பெட்டி "நேரே போ" என்னும். வெளியூர் டிரைவர் உள்ளே நுழைந்து, திரும்ப இடமில்லாமல் ரிவர்ஸ் எடுப்பார். ஒரு நெசவாளர் குடும்பத்தின் பட்டு நூல் அவருடைய டயருக்கு முன்னால் கிடக்கும். வைகாசி கருடசேவையன்று ராஜ வீதிப் பக்கம் கார் போக முடியுமா? பெட்டிக்கு அது தெரியுமா?

இங்கேதான் நமக்கு வேலை இருக்கிறது. ஓப்பன் ஸ்ட்ரீட் மேப் என்று ஒன்று, 2004-லிருந்து இருக்கிறது. யார் வேண்டுமானாலும் தெருவைச் சேர்க்கலாம், திருத்தலாம். அந்த மேப்பை ஆண்ட்ராய்டு பெட்டியில் காசில்லாமல் ஏற்றி, இன்டர்நெட் இல்லாமலே ஓட்டலாம். லாம்டன் துரை 1802-ல் இந்தியாவை அளக்கச் சங்கிலி போட்டது பக்கத்தில் பரங்கிமலையில்தான். நம்ம சிவில் பையன்கள் சர்வே பிராக்டிகலுக்குக் காலேஜ் மைதானத்தையே எத்தனை தடவை அளப்பார்கள்? சங்கம் இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஒதுக்கட்டும். எந்தச் சந்தில் கார் நுழையும், எதில் ஆட்டோ மட்டும், எது ஒருவழி என்று சின்னக் காஞ்சிபுரத்திலிருந்து ஆரம்பிக்கலாம். சைக்கிள் நான் கொண்டு வருகிறேன்.