24 மேட்ச் 13 ஆனது எப்படி? ஐஎஸ்எல் சுருங்கியதில் தமிழ்நாட்டுப் பசங்களுக்கு என்ன இழப்பு?

திருவண்ணாமலையில் பஸ் ஏறினால் சென்னை நேரு ஸ்டேடியம் சுமார் 190 கிலோமீட்டர். இரவு ஏழரை மணி மேட்ச் பார்த்துவிட்டு ஊர் திரும்பினால் விடிந்துவிடும். அதனால் அண்ணாமலையார் ஊரில் ஒருவர் சென்னையின் எஃப்சி ரசிகர் என்றால், பெரும்பாலும் அவர் மொபைல் ரசிகர்தான். அந்த மொபைலில் 2025 ஏப்ரலுக்குப் பிறகு பல மாதங்கள் ஒரு ஐஎஸ்எல் மேட்ச் கூட வரவில்லை.

வழக்கமாக செப்டம்பரில் தொடங்க வேண்டிய இந்தியன் சூப்பர் லீக், இந்த முறை 2026 பிப்ரவரி 14 அன்று தொடங்கும் என்று மத்திய விளையாட்டுத் துறை அமைச்சர் மன்சுக் மாண்டவியா ஜனவரி 6-ம் தேதி அறிவித்தார். 14 அணிகள், 91 மேட்ச். ஒவ்வொரு அணியும் மற்ற அணியுடன் ஒரே ஒரு முறைதான் மோதும்.

கேட்க நல்லாத்தான் இருக்கு. கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் விஷயம் புரியும்.

2024-25 சீசனில் 13 அணிகள். சொந்த ஊரில் ஒன்று, வெளியூரில் ஒன்று என எல்லா அணியோடும் இரண்டு முறை ஆடினார்கள். ஆக, ஒரு அணிக்கு லீக் சுற்றில் மட்டும் 24 மேட்ச். பிளே-ஆஃபையும் சேர்த்தால் மொத்தம் 163. இந்த முறை ஒரு அணிக்கு 13 மேட்ச்தான். அதில் சொந்த மைதானத்தில் ஆறோ ஏழோ.

ஐபிஎல்லில் ஒரு அணி லீக் சுற்றில் மட்டுமே 14 மேட்ச் ஆடுகிறது. அது இரண்டு மாதத்தில் முடிகிற டி20 தொடர். நாட்டின் முதல்நிலை கால்பந்து லீக் அதைவிடச் சின்னதாகிவிட்டது. இங்கிலாந்து பிரீமியர் லீக்கில் ஒரு அணிக்கு 38 மேட்ச் என்பதையெல்லாம் இங்கே இழுக்கவே வேண்டாம்.

சரி, லீக் ஏன் நின்றது?

இதற்கு 15 வருஷம் பின்னால் போகணும். 2010 டிசம்பரில் அகில இந்திய கால்பந்து கூட்டமைப்பு (ஏஐஎஃப்எஃப்), ஐஎம்ஜி-ரிலையன்ஸ் நிறுவனத்தோடு ஒரு ஒப்பந்தம் போட்டது. 15 ஆண்டுகளுக்கு 700 கோடி ரூபாய். இந்தியக் கால்பந்தின் ஒளிபரப்பு, விளம்பரம் உள்ளிட்ட வணிக உரிமைகள் அந்தப் பக்கம் போயின. அந்த உரிமையை வைத்துத்தான் 2014-ல் ஐஎஸ்எல் பிறந்தது. அதை நடத்துகிற எஃப்எஸ்டிஎல் நிறுவனம் கூட்டமைப்புக்கு ஆண்டுக்குச் சுமார் 50 கோடி ரூபாய் கொடுத்து வந்தது.

அந்த ஒப்பந்தம் 2025 டிசம்பர் 8-ம் தேதியோடு முடிகிறது என்பது கையெழுத்து போட்ட நாளிலிருந்தே எல்லாருக்கும் தெரியும். செப்டம்பரில் சீசனைத் தொடங்கினால் பாதியில் ஒப்பந்தம் காலாவதி ஆகும். அதற்குப் பிறகு லீக் யாருடையது, வருமானம் யாருக்கு, செலவு யார் தலையில்? பதில் இல்லாததால் 2025 ஜூலை 11-ம் தேதி, சீசனை நிறுத்தி வைப்பதாக எஃப்எஸ்டிஎல் கிளப்புகளுக்குக் கடிதம் அனுப்பிவிட்டது.

ஒப்பந்தத்தை முன்கூட்டியே புதுப்பித்திருக்கலாமே என்று தோன்றும். அங்கேதான் இன்னொரு முடிச்சு. கூட்டமைப்பின் சட்டதிட்டம் தொடர்பான வழக்கு உச்ச நீதிமன்றத்தில் வருஷக்கணக்கில் நடந்தது. தீர்ப்பு வரும்வரை புதிதாக எதிலும் கையெழுத்திட முடியாத நிலை. ஓய்வுபெற்ற நீதிபதி எல். நாகேஸ்வர ராவ் தயாரித்த வரைவைச் சில மாற்றங்களோடு ஏற்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது செப்டம்பர் 19-ல். அதாவது, லீக் தொடங்கியிருக்க வேண்டிய மாதத்தில்.

அப்புறம் அக்டோபரில் டெண்டர் விட்டார்கள். கெடு நவம்பர் 7. எத்தனை நிறுவனங்கள் விண்ணப்பித்தன தெரியுமா? ஒன்று கூட இல்லை.

140 கோடி பேர் இருக்கிற நாட்டில் கால்பந்து லீக்கை நடத்த ஒருவரும் முன்வரவில்லை என்ற செய்தி எல்லா இடத்திலும் ஓடியது. ஆனால் டெண்டரைப் பார்த்தால் இது பெரிய ஆச்சரியம் இல்லை. வெற்றி பெறுகிற நிறுவனம் லாபம் வந்தாலும் வராவிட்டாலும் கூட்டமைப்புக்கு ஆண்டுதோறும் ஒரு குறைந்தபட்சத் தொகையைக் கட்டியாக வேண்டும். பத்து வருஷத்துக்கு மேல் நடந்தும் பெரும்பாலான கிளப்புகள் கையைக் கடித்துக்கொண்டு ஓடுகிற ஒரு லீக்குக்கு இந்த நிபந்தனை. யார் வருவார்கள்?

இடையில் வீரர்கள் என்ன ஆனார்கள்?

ஆகஸ்ட் முதல் வாரத்தில் சென்னையின் எஃப்சி தன் செயல்பாட்டைத் தற்காலிகமாக நிறுத்தியது. 2015-லும் 2018-லும் ஐஎஸ்எல் கோப்பையைத் தூக்கிய அணி இது. அதே வாரத்தில் பெங்களூரு எஃப்சி, சீனியர் வீரர்களின் சம்பளத்தை நிறுத்தி வைப்பதாகச் சொன்னது. டிசம்பரில் மான்செஸ்டர் சிட்டியின் தாய் நிறுவனமான சிட்டி ஃபுட்பால் குரூப், மும்பை சிட்டியில் வைத்திருந்த பங்கைக் கைவிட்டு வெளியேறியது. கேரளா பிளாஸ்டர்ஸ் கேப்டன் அட்ரியன் லூனா இந்தோனேசிய கிளப்புக்கு லோனில் போனார்.

ஜனவரி 2-ம் தேதி சுனில் சேத்ரி, குர்பிரீத் சிங் சந்து, சந்தேஷ் ஜிங்கன் போன்ற சீனியர் வீரர்கள் சேர்ந்து வீடியோ வெளியிட்டு, ஃபிஃபா தலையிட வேண்டும் என்று கேட்டார்கள். தேசிய அணி வீரர்கள் தங்கள் நாட்டில் லீக் நடத்தச் சொல்லி உலக அமைப்பிடம் முறையிடுகிற நிலை. இந்தியக் கால்பந்து ரசிகர்களுக்கு இதைவிடச் சங்கடமான காட்சி சமீபத்தில் இல்லை.

இதே காலத்தில் தேசிய அணியும் சரிந்தது. அக்டோபர் 14-ல் கோவாவில் சிங்கப்பூரிடம் 1-2 என்று தோற்று 2027 ஆசியக் கோப்பை வாய்ப்பை இழந்தது. நவம்பர் 18-ல் டாக்காவில் வங்கதேசத்திடம் 0-1. லீக் இல்லாததுதான் தோல்விக்குக் காரணம் என்று முழுசா சொல்ல முடியாது, லீக் ஒழுங்காக நடந்த வருஷங்களிலும் நாம் தோற்றிருக்கிறோம். ஆனால் வாராவாரம் மேட்ச் ஆடாத வீரர்களை வைத்துக்கொண்டு எந்தக் கோச்சும் அதிசயம் செய்ய முடியாது.

ஒரே சுற்று என்றால் களத்தில் என்ன மாறும்?

ஒரு சுற்றுதானே, கிரிவலம் மாதிரி ஒருமுறை சுற்றி வந்தால் முடிந்தது என்று நினைக்கலாம். நீண்ட லீக்கில் முதல் நாலு மேட்ச் சொதப்பினாலும் எழுந்து வர நேரம் உண்டு. 13 மேட்சில் அது கிடையாது. தொடக்கத்தில் மூன்று தோல்வி என்றால் சீசனில் கால்வாசி போயிருக்கும். கடந்த முறை 13 அணிகளில் 11-வதாக முடித்த சென்னையினுக்கு இது கூடுதல் நெருக்கடி. ஒரே முறை மோதுவதால், யாருடன் சொந்த மைதானத்தில் ஆடுகிறோம், யாரைத் தேடி வெளியூர் போகிறோம் என்பதும் அதிர்ஷ்டம் சார்ந்த விஷயமாகிவிடுகிறது.

இப்படிப்பட்ட சீசனில் கோச் என்ன செய்வார்? அனுபவசாலியைத்தான் இறக்குவார். பெஞ்சில் இருக்கிற 19 வயசுப் பையனுக்கு "இன்னைக்கு நீ இருபது நிமிஷம் ஆடு" என்று சொல்கிற சொகுசு, 24 மேட்ச் இருக்கும்போதுதான் வரும். இந்த சீசனில் காணாமல் போகிற 11 மேட்சில் அந்த இருபது நிமிஷங்களும் சேர்ந்தே போகின்றன.

எதிர்வாதமும் இருக்கிறது. ஐஎஸ்எல்லில் ஒரே நேரத்தில் நான்கு வெளிநாட்டு வீரர்கள் களத்தில் இருக்கலாம். பலர் கிளம்பிவிட்டதாலும், கிளப்புகள் செலவைக் குறைப்பதாலும், அந்த இடங்களில் சில இந்திய வீரர்களுக்குக் கிடைக்கும். குறிப்பாக, நம்மிடம் ஆளே இல்லை என்று புலம்புகிற ஸ்ட்ரைக்கர் இடம். இது உண்மைதான். ஆனால் 13 மேட்சில் ஒரு ஸ்ட்ரைக்கர் உருவாகிவிடுவார் என்று நம்புவதற்கு நிறைய நம்பிக்கை வேண்டும்.

ஆசிய அளவிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. ஆசியப் போட்டிகளில் இடம் பெற ஒரு கிளப் சீசனுக்குக் குறைந்தது 24 மேட்ச் ஆடியிருக்க வேண்டும் என்று ஆசியக் கூட்டமைப்பு எதிர்பார்க்கிறது. அதனால்தான் இந்த ஒரு முறை விதிவிலக்கு கேட்டது ஏஐஎஃப்எஃப்.

தமிழ்நாடு இதை ஏற்கெனவே ஒருமுறை பார்த்திருக்கிறது

இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும். லீக்கின் அடித்தளம் ஆடினால் ஒரு கிளப்புக்கு என்ன நடக்கும் என்பதற்கு நம்ம ஊர் உதாரணமே இருக்கிறது.

2019 மார்ச் 9, கோவை நேரு ஸ்டேடியம். ஐ-லீக்கின் கடைசி நாள். சென்னை சிட்டி எஃப்சி ஜெயித்தால் சாம்பியன், சறுக்கினால் கோப்பை ஈஸ்ட் பெங்காலுக்குப் போகக்கூடும். எதிரே நடப்பு சாம்பியன் மினர்வா பஞ்சாப். தொடக்கத்திலேயே மினர்வா கோல் போட்டுவிட்டது. கேரளாவில் ஈஸ்ட் பெங்கால் தன் மேட்ச்சை ஜெயித்தது. இரண்டாம் பாதியில் பெட்ரோ மான்சி பெனால்டியில் சமன் செய்தார். அப்புறம் கௌரவ் போரா இரண்டு கோல். 3-1. சென்னை சிட்டிக்கு 43 புள்ளி, ஈஸ்ட் பெங்காலுக்கு 42. தமிழ்நாட்டு அணி ஒன்று முதல்முறையாக ஐ-லீக் சாம்பியன்.

அதே ஆண்டு மே மாதம் லூதியானாவில் மதுரையின் சேது எஃப்சி, மணிப்பூர் போலீஸ் அணியை 3-1 என்று வென்று இந்திய மகளிர் லீக்கைக் கைப்பற்றியது. ஒரே சீசனில் ஆண்கள் ஐ-லீக், மகளிர் லீக் இரண்டும் தமிழ்நாட்டுக்கு. இதை இன்னும் எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கிறார்கள் என்று தெரியவில்லை.

சென்னை சிட்டியின் சந்தோஷம் ரொம்ப நாள் நீடிக்கவில்லை. அதே 2019-ல் ஐஎஸ்எல்தான் நாட்டின் முதல்நிலை லீக் என்று முடிவானது. அதற்கு ஆசியக் கூட்டமைப்பும் அக்டோபரில் ஒப்புதல் தந்தது. ஜெயித்த லீக் ஒரே வருஷத்தில் இரண்டாம் நிலைக்கு இறங்கிவிட்டது. சுவிட்சர்லாந்தின் எஃப்சி பாசல் 26 சதவீதப் பங்கு வாங்கியிருந்த கிளப் அது. 2021-ல் கிளப் உரிமம் பெறத் தவறி ஐ-லீக்கை விட்டே வெளியேறியது. நிர்வாகத்தின் தவறுகளும் இதில் உண்டு, முழுப் பழியையும் லீக் மாற்றத்தின் மீது போட முடியாது. ஆனால் மேலே ஏற வழி இல்லாத லீக்கில் யார் காசு போடுவார்கள்?

அந்தக் கிளப் இருந்தபோது என்ன செய்தது என்று பாருங்கள். நெய்வேலியைச் சேர்ந்த எட்வின் வான்ஸ்பால் சென்னை சிட்டியோடு சாம்பியன் ஆகி, அங்கிருந்து சென்னையினுக்குப் போனார். கன்னியாகுமரி மாவட்டத்தின் மைக்கேல் சூசைராஜ் அந்த வழியாகத்தான் ஐஎஸ்எல்லுக்குள் நுழைந்தார். சென்னை சிட்டியில் ஆடிய நந்தகுமார் சேகர்தான், 2023 டூரண்ட் கோப்பையில் மோகன் பகானுக்கு எதிராக ஒற்றை கோல் அடித்து, ஈஸ்ட் பெங்காலின் பல வருஷத் தொடர் தோல்வியை முடித்து வைத்தவர். சின்ன ஊருக்கும் பெரிய லீக்குக்கும் நடுவே ஒரு படிக்கட்டாக இருந்தது அந்தக் கிளப்.

திருவண்ணாமலைப் பையனுக்கு இதில் என்ன?

மாவட்ட விளையாட்டு அரங்கில் காலையில் பந்து உதைக்கிற ஒரு பதினாறு வயசுப் பையனை எடுத்துக்கொள்வோம். முதலமைச்சர் கோப்பையில் மாவட்ட அணிக்கு ஆடலாம். விளையாட்டு விடுதியில் இடம் கிடைக்கலாம். அடுத்து சென்னைக்குப் போய் சீனியர் டிவிஷன் லீக்கில் ஒரு கிளப் பிடிக்க வேண்டும். அதற்கு மேலே இரண்டாம் நிலை தேசிய லீக், அதற்கும் மேலே ஐஎஸ்எல். இதில் மேல்படி எட்டு மாதம் மூடிக் கிடந்தால் மேலே உள்ளவர்கள் கீழே வந்து இடம் தேடுவார்கள். கீழே உள்ளவர் அதற்கும் கீழே. கடைசியில் வெளியே நிற்பது இந்தப் பையன்தான்.

வீட்டில் வேறு கேள்வி வரும். "லீக்கே நடக்கலையாமே, போலீஸ் வேலைக்குப் படிக்கலாம்ல?" அப்பா அம்மா கேட்பதில் தப்பே இல்லை. சேத்ரியே சம்பளம் நின்ற கிளப்பில் இருந்தார் என்றால், ஊர்ப் பையனுக்கு என்ன உத்தரவாதம்?

இனி என்ன?

இந்த சீசனுக்கு வணிகக் கூட்டாளி கிடைக்காத நிலையில் கூட்டமைப்பும் கிளப்புகளும் சேர்ந்து செலவைப் பகிர்ந்துகொண்டு நடத்த முடிவு செய்தன. இது இந்த ஒரு வருஷத்துக்கான ஏற்பாடு. 2026-27 சீசனை யார் நடத்துவார், எத்தனை ஆண்டு ஒப்பந்தம், கிளப்புகளுக்கு லீக்கில் உரிமை உண்டா என்பதெல்லாம் 2026 ஜனவரியில் முடிவாகியிருக்கவில்லை. அடுத்த டெண்டர் வரும்போது இரண்டு விஷயத்தைக் கவனியுங்கள்: குறைந்தபட்சத் தொகை என்ற நிபந்தனையைக் கூட்டமைப்பு தளர்த்துகிறதா, கிளப்புகளின் கையில் எவ்வளவு பங்கு வருகிறது. இந்த இரண்டும் மாறாவிட்டால் அடுத்த செப்டம்பரிலும் இதே தலைப்பில் இன்னொரு கட்டுரை எழுத வேண்டியிருக்கும்.

தொடக்க நாளாக அறிவித்தது 2026 பிப்ரவரி 14, சனிக்கிழமை. முதல் மேட்ச் கொல்கத்தாவில், அப்போதைய சாம்பியன் மோகன் பகானும் கேரளா பிளாஸ்டர்ஸும். சென்னையின் நேரு ஸ்டேடியத்தில் ஆடுகிற மேட்ச்சில் ஒன்று வார இறுதியில் வந்தால், மதியமே பஸ் ஏறிவிடுங்கள்.