மூளைக்குள் பற்று வரவு

நான் பி.காம். எனக்குத் தெரிந்த ஒரே விஞ்ஞானம், டெபிட்டும் கிரெடிட்டும் டாலி ஆகணும் என்பது. மூளையிலும் அதே கதைதானாம்!

பஸ்ஸைப் பிடிக்கக் காலைத் தூக்குகிறீர்கள். உள்ளே டோபமைன், அசிட்டைல்கோலின் என்று இரண்டு ரசாயனத் தூதர்கள் சரிக்குச் சரியாக இருந்தால்தான் கால் சொன்ன பேச்சு கேட்கும். டோபமைன் சப்ளை செய்வது நடுமூளையில் உள்ள ஒரு கறுப்புத் திட்டு. அந்த செல்கள் செத்துப் போனால் கை நடுங்கும், உடம்பு விறைக்கும், நடை சுருங்கும். 1817-ல் லண்டன் டாக்டர் ஜேம்ஸ் பார்க்கின்சன் இதை எழுதிவைத்தார். டோபமைன் பற்றாக்குறைதான் காரணம் என்று வியன்னாவில் கண்டுபிடித்தது 1960-ல். நம்ம கோர்ட் கேஸ் தேவலை!

துப்பு கொடுத்ததில் நம்ம ஊர் சர்ப்பகந்தாவுக்கும் பங்கு உண்டு. அதிலிருந்து எடுத்த ரிசர்பினை 1957-ல் ஸ்வீடனில் அர்விட் கார்ல்ஸன் முயல்களுக்குக் கொடுக்க, அவை கொலு பொம்மையாகிவிட்டன. எல்-டோபா ஊசி போட்டதும் எழுந்து நடமாடின. 2000-ல் அவருக்கு நோபல் பரிசு.

டோபமைனையே நேராகக் கொடுத்தால் என்ன? மூளை வாசல் வாட்ச்மேன் விடமாட்டார். எல்-டோபாவை விடுவார். அது உள்ளே போய் டோபமைனாக மாறிக்கொள்ளும். வழியிலேயே மாறிவிடாமல் இருக்க, கார்பிடோபா என்று ஒரு பாடிகார்டு.

1982-ல் கலிஃபோர்னியாவில் சிலர் போலி ஹெராயினை ஏற்றிக்கொண்டார்கள். அதில் கலந்திருந்த எம்.பி.டி.பி. கறுப்புத் திட்டையே தீர்த்துக்கட்ட, சில நாளில் ஆளே சிலை. எல்-டோபா அவர்களை அசைய வைத்தது. செத்த செல்களை மீட்கவில்லை. கடன் வாங்கி ஓட்டும் குடித்தனம்தான்!

விஷமமான விஷயம் ஒன்று உண்டு. கை ஆடத் தொடங்கும்போதே அந்த செல்களில் பாதிக்கு மேல் காலி. அதற்கு முன் சின்னச் சின்ன நோட்டீஸ்தான் வரும். நடக்கும்போது ஒரு கை வீசாது. கையெழுத்து சுருங்கும். என் பெரியப்பாவின் செக், 'கையெழுத்து வித்தியாசம்' என்று ஒரு வங்கியிலிருந்து மூன்று முறை திரும்பியது. "வயசாச்சுல்ல!" என்று வீடே சிரித்தது. நரம்பு டாக்டர் மட்டும் சிரிக்கவில்லை. எறும்பு வரிசை மாதிரி இருந்த எழுத்தைப் பார்த்தார், நடக்கச் சொன்னார், மாத்திரை எழுதினார். இப்போது பெரியப்பா தானே சட்டை பட்டன் போட்டுக்கொள்கிறார்.

பரணில் உங்கள் பழைய பிராக்ரஸ் ரிப்போர்ட் இருக்கும். எடுங்கள். மார்க்கைப் பார்க்க வேண்டாம், மனசு கெடும். அப்பாவின் கையெழுத்தைப் பாருங்கள். இன்றைக்கு ஒன்று போடச் சொல்லுங்கள். சின்னதாகிக்கொண்டே போகிறதா? நாளைக்கு அரை நாள் லீவு போடுங்கள் சார்!