வசூலில் கண்டிப்பு, கொடுப்பதில் சாக்கு!

ஓசூர் சிப்காட் வாசல்களில் விடியற்காலையில் வரிசை கட்டி நிற்கும் வண்டிகளைப் பாருங்கள். ஓட்டுகிறவனைக் கேட்டால், "நான் காண்டிராக்டர்" என்பான். வண்டி அவன் பேரில். கடன் அவன் தலையில். டீசல் அவன் செலவில். வாடகையை நிர்ணயிப்பது மட்டும் கம்பெனி! நேற்றுவரை டிரைவராக இருந்தவனுக்கு இன்று 'காண்டிராக்டர்' பட்டம். அந்தப் பட்டத்தின் விலை வண்டி மோதிய அன்றுதான் தெரிகிறது.

சூளகிரிப் பக்கம் பெருஞ்சாலையில் விபத்து என்று வைத்துக்கொள்வோம். சரக்குக்குடைய கம்பெனி, "அவர் எங்கள் தொழிலாளி அல்ல, காண்டிராக்டர்" என்று கைகழுவுகிறது. இன்ஷியூரன்ஸ் கம்பெனியோ சாக்குப் பட்டியலை எடுக்கிறது. லைசென்சு சரியில்லை, பர்மிட் இல்லை, தகவல் தாமதம்! வண்டி ஷெட்டில் கிடக்கிறது. தவணை கேட்டுக் கடன்காரன் வாசலில் நிற்கிறான்.

சாக்கு எல்லாம் சட்டமாகிவிடாது. இலகு ரக லைசென்சில் சரக்கு வண்டி ஓட்டினார் என்று சொல்லி எத்தனையோ பேருக்கு நஷ்ட ஈடு மறுத்தார்கள். சரக்கோடு சேர்த்து 7,500 கிலோவுக்கு மேற்படாத வண்டியை அந்த லைசென்சில் ஓட்டலாம் என்று சுப்ரீம் கோர்ட் 2017-ல் கூறியது. கம்பெனிகள் விடவில்லை, மறுபடியும் வழக்காடின. 2024 நவம்பர் 6 அன்று ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன பெஞ்சும் அதையே உறுதி செய்தது. வண்டி திருட்டுப்போய் உடனே போலீசில் புகார் செய்திருந்தால், கம்பெனிக்குத் தாமதமாகச் சொன்னதையே காரணமாக்கி மறுக்கக் கூடாது என்பது 2020-ம் ஆண்டுத் தீர்ப்பு.

ஆனால் தீர்ப்பெல்லாம் நம் பக்கமே இருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. மாங்காய் பறிக்கவும் செங்கல் சூளைக்கும் கூலியாட்களைச் சரக்கு வண்டியில் ஏற்றிச் செல்கிறார்களே, அதை எண்ணிப் பாருங்கள். சரக்கு வண்டியில் இலவசமாக ஏறிச் செல்பவருக்கு இன்ஷியூரன்ஸ் கம்பெனி பொறுப்பல்ல என்று 2002-லேயே சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. வண்டி கவிழ்ந்தால் பொறுப்பு வண்டிக்காரன் மேல். அவனிடம் இருப்பதோ கடன் வண்டி! கூலிக்காரக் குடும்பத்துக்கு மிஞ்சுவது காகிதம்தான். அந்த நேரத்தில் பஸ் இல்லை, தோட்டக்காரர் வேறு வண்டி அனுப்புவதில்லை என்றால், குற்றம் ஏறியவர் மேலா?

வண்டி வைத்திருப்பவர் மூன்றாம் நபர் இன்ஷியூரன்ஸ் எடுத்தே தீரவேண்டும் என்பது சட்டம். வாடிக்கைக்காரரைச் சர்க்காரே பிடித்துக் கொடுக்கிறது. 1973 ஜனவரி 1 முதல் 107 கம்பெனிகளைச் சேர்த்து நான்கு பொதுத்துறைக் கம்பெனிகள் ஆக்கினார்கள். 1999-ம் ஆண்டுச் சட்டத்தால் தனியாருக்குக் கதவு திறந்தது. அந்நிய மூலதன வரம்பு 26 சதவீதத்தில் தொடங்கி 2021-ல் 74 சதவீதமாயிற்று. பொதுத்துறை மட்டும் யோக்கியமா? இல்லை. 2017 லைசென்சு வழக்கில் எதிர்த்து நின்றதே ஒரு பொதுத்துறைக் கம்பெனிதான். கட்ட வைப்பதில் உள்ள கண்டிப்பு, கொடுக்க வைப்பதில் ஏன் இல்லை? இதுதான் கேள்வி.

கேள்வி கேட்கிறவன் கையில் காகிதம் இருக்க வேண்டும். பாலிசியைப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். வாடகை வண்டிப் பாலிசியில், கூடுதலாகக் கட்டினால் ஒழிய, விளக்கு, மட்கார்டு, பம்பர் சேதத்துக்குப் பணம் வராது. டிரைவருக்கும் கிளீனருக்கும் உரிய பாதுகாப்பு எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். விபத்தானால் அன்றே எழுத்தில் தகவல் கொடுத்து ரசீது வாங்குங்கள். சர்வேயர் பார்க்குமுன் வண்டியைப் பிரிக்காதீர்கள். எழுதாத காகிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.

மறுத்தால், காரணத்தை எழுத்தில் கேளுங்கள். ஒரு வருஷத்துக்குள் சென்னை இன்ஷியூரன்ஸ் குறைதீர்ப்பாளரிடம் முறையிடலாம். கட்டணமும் இல்லை, வக்கீலும் வேண்டாம். உயிரோ உறுப்போ போனால், அத்திப்பள்ளியில் நடந்த விபத்தானாலும், கன்னடத்தில் எழுதிய எப்.ஐ.ஆரைக் கண்டு மிரள வேண்டாம். குடியிருக்கும் ஊருக்குரிய தீர்ப்பாயத்திலேயே மனுச் செய்யலாம். 2019 திருத்தம் ஆறு மாதக் கெடு வைத்திருக்கிறது. அதற்குள் மனுப் போட்டுவிடுங்கள்.

தனியாகப் போகிறவனை மேஜைக்கு மேஜை அலைக்கழிப்பார்கள். பத்துப் பேராக, சங்கமாகப் போனால் நாற்காலி போடுவார்கள். நம் கோரிக்கைகள் மூன்று. சரக்கு யாருடையதோ, விபத்துப் பொறுப்பில் அவருக்கும் பங்கு வேண்டும். கூலியாட்களை வேலைக்கு அழைப்பவர், அவர்களைப் பயணிகள் வண்டியில் அழைத்துச் செல்ல வேண்டும். மறுப்புக் கடிதம் தமிழில், காரணத்தோடு, கெடுவுக்குள் வரவேண்டும்.

இது பிச்சையல்ல. வருஷா வருஷம் முன்பணமாகக் கட்டிவைத்த நம் காசு!