பில்லும் ஒரு செக்ரோல்தான்



"பதினைந்தே நாளில் இனிப்பு நீர் பறந்துவிடும்." "சிறுநீரகம் கழுவ வேண்டாம், இந்தச் சூரணம் போதும்." இப்படிப்பட்ட கூச்சலை அன்று பசார் மாலத்தில் ஒலிபெருக்கியில் கேட்டோம். இன்று அதுவே கைத்தொலைபேசிக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. கூவுகிறவனுக்கு நம்மை நன்றாகத் தெரியும். தோட்டங்கள் செம்பனையாகவும் வீட்டுமனையாகவும் மாறிய பிறகு ஈப்போ, சுங்கை சிப்புட், தெலுக் இந்தான் பக்கம் மலிவு வீடுகளில் குடியேறிய நம் பெரியவர்களில் பலருக்கு இனிப்பு நீரும் ரத்தக் கொதிப்பும் இருப்பது அவனுக்குத் தெரியும். ஏமாந்தால் வெட்கப்பட்டு வாயை மூடிக்கொள்வோம் என்பதும் தெரியும்.

சரி, இதைக் கேட்பார் இல்லையா? இருக்கிறார்கள். சட்டமும் இருக்கிறது, அதுவும் ஒன்றல்ல.

நாடு மெர்டேக்கா அடைவதற்கு முந்திய வருஷமே, 1956-இல், மருந்து விளம்பரம், விற்பனைச் சட்டம் வந்துவிட்டது. இனிப்பு நீர், ரத்தக் கொதிப்பு, இதய நோய், சிறுநீரக நோய், புற்றுநோய், ஆஸ்துமா, பக்கவாதம் என 20 நோய்களை அது பட்டியல் போட்டிருக்கிறது. இவற்றைத் தீர்க்கும் மருந்து என்று பொதுமக்களுக்கு விளம்பரம் செய்வதே குற்றம். அந்த மருந்து நல்லதா கெட்டதா என்ற வாதமே அங்கே தேவையில்லை. முதல் தடவை அகப்பட்டால் 3,000 வெள்ளி வரை அபராதம், அல்லது ஓராண்டு வரை சிறை, அல்லது இரண்டும்.

மருந்து அல்லாத மற்ற சரக்குகளுக்கு 1972-இல் வணிக விவரிப்புச் சட்டம் வந்தது. அதை எடுத்துவிட்டு 2011-இல் புதிய சட்டம் போட்டார்கள். இதற்கு நடுவே 1999-இல் வந்ததுதான் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம். நமக்கு அதிகம் உதவுவது இதுதான்.

இந்தச் சட்டத்தில் ஒரு முக்கியமான விஷயத்தைக் கவனியுங்கள். "நான் வேண்டுமென்று ஏமாற்றவில்லை" என்று வியாபாரி சொல்லித் தப்ப முடியாது. வாங்குகிறவரைத் தவறாக எண்ண வைக்கக் கூடிய பேச்சும் செயலுமே ஏமாற்றுதான் என்கிறது சட்டம். இல்லாத தரத்தை இருப்பதாகச் சொல்வது, பெறாத அங்கீகாரத்தைப் பெற்றதாகச் சொல்வது, கொடுக்கும் எண்ணமே இல்லாமல் பரிசு தருவதாகச் சொல்வது, மலிவு விலை போட்டு ஆளை இழுத்துவிட்டு "அந்தச் சரக்கு முடிந்துவிட்டது" என்று வேறொன்றைத் தலையில் கட்டுவது எல்லாம் இதில் அடங்கும். "சுரண்டிப் பார், பரிசு உனக்கே" என்று அட்டையைக் கொடுத்து, கடைசியில் நம் பணத்தையே பிடுங்கிய கூட்டத்தை மறந்துவிட்டோமா? நிறுவனம் என்றால் அபராதம் 2,50,000 வெள்ளி வரை போகும். முதலில் இணைய வியாபாரம் இந்தச் சட்டத்துக்கு வெளியே இருந்தது. 2007-இல் செய்த திருத்தம் அதையும் உள்ளே கொண்டுவந்தது.

அபராதம் அரசாங்கத்துக்குப் போகும், நம் பணம் திரும்புமா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அதற்குத்தான் பயனீட்டாளர் கோரிக்கை டிரிபியூனல் இருக்கிறது. மனுக் கட்டணம் 5 வெள்ளிதான். வக்கீல் வைக்க வேண்டியதில்லை. எதிர்த்தரப்புக் கம்பெனியும் வக்கீலைக் கொண்டுவர முடியாது. தொடக்கத்தில் 10,000 வெள்ளிக்குள் உள்ள கோரிக்கைகளை மட்டும் விசாரித்தார்கள். 2019-இல் அதை 50,000 வெள்ளியாக உயர்த்திவிட்டார்கள். விவகாரம் நடந்து மூன்று ஆண்டுக்குள் மனுப் போட வேண்டும். பேராக்காரர்கள் ஈப்போவில் உள்ள உள்நாட்டு வாணிப அமைச்சின் மாநில அலுவலகத்தில் விசாரிக்கலாம்.

ஆனால் சட்டத்தின் ஓட்டையையும் சொல்லத்தான் வேண்டும். ஊசியையும் மாத்திரையையும் நிறுத்திவிட்டுச் சூரணத்தைக் குடித்து உடம்பு கெட்டால், அந்த உடல் பாதிப்புக்கு டிரிபியூனலில் நஷ்ட ஈடு கேட்க முடியாது. அதற்கு நீதிமன்றம் போக வேண்டும். இன்னொன்று, பெயரும் விலாசமும் இல்லாதவன் மேல் மனுப் போட வழியில்லை. நம்மிடம் வருகிறவன் பெரும்பாலும் ரசீது கொடுப்பதில்லை. "அண்ணே, நமக்குள்ள பில் எதுக்கு?" என்பான். அந்த வார்த்தையில்தான் மோசடியே தொடங்குகிறது.

பால் வெட்டிய நமக்கு இதை யாரும் படித்துக் கொடுக்க வேண்டியதில்லை. விடியற்காலையில் எழுந்து மரம் மரமாக வெட்டினாலும், செக்ரோலில் பேர் விழாவிட்டால் அன்றைய கூலிக்குச் சாட்சி ஏது? கிராணியாரிடம் நின்று "என் பேரைப் போட்டீங்களா?" என்று கேட்ட கூட்டம் நாம். அதே வாயால் கடைக்காரனிடம் பில் கேட்க ஏன் கூச்சம்?

ஆகவே செய்ய வேண்டியது இதுதான். பணம் கொடுக்குமுன் கம்பெனியின் பெயர், விலாசம், பதிவு எண் உள்ள பில்லைக் கேளுங்கள். தர மறுத்தால் பணத்தை மடியிலேயே வைத்துக்கொள்ளுங்கள். விளம்பரத்தைக் கிழித்துப் போடாதீர்கள். போனில் வந்ததென்றால் அழிக்காமல் பிள்ளைகளிடம் சொல்லிப் படம் எடுத்து வையுங்கள். மருந்து டப்பாவில் 'எம்.ஏ.எல்.' என்று தொடங்கும் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். எண் இருந்தாலும் சரி, டாக்டரைக் கேட்காமல் ஆஸ்பத்திரி மருந்தை நிறுத்தாதீர்கள்.

மனு மலாயில் இருக்கிறதே என்று தயங்க வேண்டாம். சம்பளத் தகராறுக்குச் சங்கத்தின் கதவைத் தட்டுவது போல இதற்கும் தட்டுங்கள். உட்கார்ந்து எழுதித் தருகிறோம். பத்துப் பேர் வெட்கப்பட்டு வீட்டில் இருந்தால் பதினோராவது வீட்டுக்கும் அவன் போவான். ஒருவர் மனுப் போட்டால், அடுத்த வாசற்படி ஏறுமுன் அவன் யோசிப்பான்.