சபை மண்டபத்தைக் கலைக்குத் திறப்போம்: சுங்கை காடுட் வட்டார மக்களுக்கு ஒரு வேண்டுகோள்

மலேசியாவின் நெகிரி செம்பிலான் மாநிலத்தில், சுங்கை காடுட், ரந்தாவ், லின்சம், கொம்போக், லாபு சுற்றுவட்டாரத்தில் வாழும் தமிழ் மக்கள் அனைவருக்கும், எந்தச் சமயத்தைச் சேர்ந்தவராயினும், இதை எழுதுகிறோம். இந்த வட்டாரத்துத் தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பங்கள் சில கூடிப் பேசி எடுத்த முடிவு ஒன்றை உங்கள் முன் வைக்கிறோம். சபை மண்டபத்தில் ஒரு கலை ஊழியத்தைத் தொடங்க விரும்புகிறோம். கீர்த்தனை, பறை, உறுமி, கூத்து, நாடகம், வில்லுப்பாட்டு ஆகியவற்றைப் பிள்ளைகளும் பெரியவர்களும் தமிழில் முறையாகக் கற்று, ஆராதனையிலும் பண்டிகையிலும் ஊர்ப் பொது மேடையிலும் அரங்கேற்ற வேண்டும் என்பது எண்ணம். கிறிஸ்துமஸுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது அவசரமாகத் தயாராகும் ஒரு குறுநாடகத்தோடு நின்றுவிடாமல், ஆண்டு முழுவதும் நடக்கும் பயிற்சிக்கூடமாக அது இருக்க வேண்டும். இதைச் சபையார் மட்டும் தனியாகச் செய்துவிட முடியாது. அதனால்தான் எல்லோருக்கும் எழுதுகிறோம்.

தோட்ட வாழ்க்கையைப் பொற்காலம் என்று சொல்ல எங்களுக்கு மனமில்லை. விடியுமுன் பெரட்டு என்னும் ஆள்கணக்கெடுப்புக்கு நின்றவர்கள், பால் வெட்டி, பால் வாளி தூக்கி, லயத்து வீட்டில் பிள்ளை வளர்த்தவர்கள் பட்ட பாடு இந்த வட்டாரத்தில் யாரும் மறக்கக்கூடியதல்ல. ஆனால் அந்தத் தோட்டத்தில் கலைக்கு ஓர் இடம் இருந்தது. கோயில் திடல் இருந்தது, திருவிழா இருந்தது, இரவு முழுதும் உட்கார்ந்து பார்க்கும் கூட்டம் இருந்தது. 1952இல் தமிழ் முரசு ஆசிரியர் கோ. சாரங்கபாணி தொடங்கிவைத்த தமிழர் திருநாள் பட்டணத்தைத் தாண்டித் தோட்டங்களுக்கும் பரவியபோது, பாடவும் நடிக்கவும் பேசவும் தெரிந்தவர்கள் லயங்களிலிருந்தே வந்தார்கள். பிறகு என்ன நடந்தது என்பது தெரிந்த கதை. சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் வெள்ளைக்கார முதலாளிகள் தோட்டங்களை விற்க, அவை துண்டு துண்டாகக் கைமாறின. அதைத் தடுக்கத்தான் 1960இல் ம.இ.கா. தலைவராக இருந்த துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர்களின் சேமிப்பைக் கொண்டே தோட்டங்களை வாங்கவைத்தார். என்றாலும் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனையும் போன இடங்களில் தாமான் எனப்படும் குடியிருப்புகளும் தொழிற்சாலைகளும் எழுந்தன. மக்கள் பிழைத்துக்கொண்டார்கள். வீடு கிடைத்தது, வேலை கிடைத்தது, 2011இல் சுங்கை காடுட்டுக்குக் கொமுட்டர் ரயிலும் வந்தது. கூடி உட்கார்ந்து ஆட்டம் பழகும் திடலுக்கு மட்டும் யாரும் மாற்றிடம் கொடுக்கவில்லை. கலை அழிந்ததற்குப் பிள்ளைகளின் ஆர்வக் குறைவைக் காரணம் காட்டுவது எளிது. இடம் போனதுதான் முதல் காரணம் என்பது எங்கள் கருத்து.

ஆர்வம் குறையவில்லை என்பதற்குச் சான்று நம் தெருவிலேயே இருக்கிறது. உறுமி மேளக் குழுக்களைப் பாருங்கள். யாரும் பாடத்திட்டம் போட்டுக் கொடுக்காமல், யாரும் சம்பளம் கொடுக்காமல், இளைஞர்கள் தாங்களே பணம் சேர்த்து மேளம் வாங்குகிறார்கள். வளைந்த குச்சியை ஒருபக்கத் தோலில் அழுத்தித் தேய்த்து அந்த முனகல் ஒலியை எழுப்பவும், அதே நேரத்தில் மறுபக்கத்தை நேர்க்குச்சியால் தாளம் தவறாமல் அடிக்கவும் மணிக்கணக்காகப் பழகுகிறார்கள். அவர்களுக்கு ஒரு கூரையும், மூத்த ஆசான் ஒருவரும், அந்தத் தாளத்தின் மேல் ஏற்றிச் சொல்ல ஒரு கதையும் கிடைத்தால் என்னவெல்லாம் செய்வார்கள்! இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு முடித்து இடைநிலைப்பள்ளிக்குப் போகும் பிள்ளைக்குத் தமிழ் வாரத்தில் சில பாடவேளையாகச் சுருங்கிவிடுகிறது. அதுவும் குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டால்தான் வகுப்பு. பதின்மூன்று வயதில் தமிழைச் சத்தமாக, உணர்ச்சியோடு, பலர் முன்னிலையில் பேசும் வாய்ப்பு ஏறக்குறைய நின்றுவிடுகிறது. நாடகம் அந்த வாய்ப்பைத் திருப்பித் தரும். வசனத்தை மனப்பாடம் செய்பவனுக்கு லகர, ளகர, ழகரம் தானாக வரும். வராவிட்டால் கூட நடிப்பவர்களே திருத்துவார்கள்.

சபைக்கு ஏன் இந்த வேலை என்று கேட்பவர்களுக்குத் தமிழ்க் கிறிஸ்தவத்தின் வரலாற்றையே பதிலாக வைக்கிறோம். இந்தச் சமயம் தமிழ் மண்ணில் வேர்விட்டது பிரசங்கத்தால் மட்டும் அல்ல. வீரமாமுனிவர் 1726இல் தேம்பாவணியைக் காப்பியமாகப் பாடினார். தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரிடம் வளர்ந்தவர், சரபோஜி மன்னரின் ஆதரவைப் பெற்றவர். அவர் 1800இல் பெத்லகேம் குறவஞ்சியை இயற்றினார். கோயில் தெய்வங்கள் மேலும் மன்னர்கள் மேலும் பாடப்பட்டு வந்த அதே குறவஞ்சி வடிவத்தை எடுத்து, தேவமோகினி என்னும் நாயகியைத் திருச்சபையாக வைத்து, குறி சொல்லும் குறத்தியையும் விடாமல், தம் காலத்துப் புவியியல் செய்தியையும் வானவியல் செய்தியையும் அதற்குள் சேர்த்து ஆடவும் பாடவும் தந்தார். ஜெர்மானிய மெட்டில் மொழிபெயர்த்த ஞானப்பாட்டுகளைப் பாடிக்கொண்டிருந்த சபைகளில் கீர்த்தனைக்கு எளிதில் இடம் கிடைத்துவிடவில்லை. அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப், மக்கள் எதை உயிரோடு பாடுகிறார்கள் என்பதைக் கவனித்து, சாஸ்திரியார் குடும்பத்தின் துணையோடு 1853இல் கிறிஸ்தவக் கீர்த்தனைகளைத் தொகுத்து அச்சிட்டார். இன்று நம் சபைகளில் பாட்டி முதல் பேத்தி வரை புத்தகம் பார்க்காமல் பாடும் கீர்த்தனைகள் இந்த வழியில் வந்தவை. தமிழ் இசை வரலாற்றை ஆராய்ந்து 1917இல் கருணாமிர்த சாகரம் என்ற பெருநூலை வெளியிட்ட ஆபிரகாம் பண்டிதரும் இந்தச் சபை மரபில் வந்தவர்தாம். நாங்கள் புதிதாக எதையும் புகுத்த நினைக்கவில்லை. விட்டுப்போன இடத்திலிருந்து தொடரவே கேட்கிறோம்.

அண்மைக் காலத்தில் இது நடந்த இடங்கள் உண்டு. அவற்றில் எங்களுக்கு மிகவும் வழிகாட்டுவது யாழ்ப்பாணத்துத் திருமறைக் கலாமன்றம். 1965இல் நீ. மரியசேவியர் அடிகளார் அதைத் தொடங்கியபோது மையமாக இருந்தது தவக்காலத் திருப்பாடுகளின் காட்சி. ஆண்டுக்கொரு முறை நடக்கும் ஒரு பக்தி நாடகத்தோடு அது நின்றிருக்கலாம். ஆனால் அதற்கென்று கூடிய நடிகர், பாடகர், ஒப்பனைக்காரர், மேடைத் தச்சர் எல்லோரையும் கலைந்துபோகவிடாமல் ஆண்டு முழுதும் வேலை கொடுத்து வைத்திருந்தார்கள். அதனால் நாட்டுக்கூத்து மீண்டும் மேடை ஏறியது, நடனமும் இசையும் பயிற்றுவிக்கப்பட்டன, கலைமுகம் என்ற இதழ் வந்தது. போர் மூண்ட ஆண்டுகளிலும் மன்றம் ஓயவில்லை. சிங்கள மக்கள் நடுவிலும் போய் நாடகம் போட்டார்கள். இந்துக்களும் கிறிஸ்தவர்களும் ஒன்றாக நடித்தார்கள். தமிழகத்தில் திருச்சியின் கலைக்காவிரி 1977இல் கத்தோலிக்கத் திருச்சபையின் முயற்சியாகத் தொடங்கி, இன்று இசையும் பரதமும் கற்பிக்கும் நுண்கலைக் கல்லூரியாக நிற்கிறது. இரண்டும் கத்தோலிக்கரின் முயற்சிகள்தானே என்று எங்கள் பெரியவர்கள் சிலர் தயங்குகிறார்கள். நல்ல முறையைக் கற்றுக்கொள்ளச் சபைப் பிரிவு தடையாக வேண்டியதில்லை.

எதிர்ப்புகளுக்கு வருவோம். ஆராதனை வேடிக்கை ஆகிவிடும், கைதட்டலுக்காகப் பாடுவார்கள் என்பது முதல் அச்சம். இந்த அச்சத்தை நாங்கள் மதிக்கிறோம், ஏனென்றால் அது நடக்கக்கூடியதே. ஒலிபெருக்கி, வண்ண விளக்கு, பெரிய திரை ஆகியவற்றில் பணத்தைக் கொட்டி, ஐந்து பேர் மேடையில் பாட மற்றவர் எல்லாரும் நின்று பார்க்கும் நிலை பல ஊர்களில் வந்துவிட்டது. நாங்கள் கேட்கும் கலை அதற்கு மாற்று. கூத்திலும் வில்லுப்பாட்டிலும் பின்பாட்டு இல்லாமல் ஒன்றும் நடக்காது. பார்ப்பவரும் சேர்ந்து பாடலாம். திறமையைப் பற்றிய வேதத்தின் பார்வையையும் நினைவூட்டுகிறோம். யாத்திராகமத்தில் தேவ ஆவியால் நிரப்பப்பட்டவன் என்று பெயர் சொல்லி அழைக்கப்படும் பெசலெயேல் ஒரு கைவினைஞன். ஆசரிப்புக் கூடாரத்தின் பொன் வேலையும் கல் வேலையும் மர வேலையும் அவன் கையில் ஒப்படைக்கப்பட்டன. பயிற்சியில்லாத பக்தி போதும் என்று அந்தப் பகுதி சொல்லவில்லை.

இரண்டாவது எதிர்ப்பை வெளிப்படையாகச் சொல்பவர் குறைவு, மனத்தில் வைத்திருப்பவர் அதிகம். பறையும் உறுமியும் சாவுக்கும் சாமியாட்டத்துக்கும் உரியவை, ஆலயத்துக்குள் வரலாமா என்பது அது. இதன் அடியில் சாதி இருக்கிறது. நாம் போற்றும் வேதநாயகம் சாஸ்திரியாரே சபைக்குள் சாதி வேறுபாடு நீடிப்பதை ஆதரித்து எழுதியவர். அவர் பாட்டை எடுத்துக்கொள்ளும் நாம் அந்தக் கருத்தை எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. இதற்கு இறையியல் தளத்தில் பதில் சொன்னவர் மதுரை அரசரடியில் உள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரியின் ஆசிரியர் தியோபிலஸ் அப்பாவு (1940–2005). பரட்டை அண்ணன் என்றால் பலருக்குத் தெரியும். நாட்டுப்புற மெட்டிலும் பேச்சுத் தமிழிலும் முழு ஆராதனை முறையையே அமைத்துப் பறையைப் பலிபீடத்தின் அருகில் கொண்டுவந்தார். நாட்டுப்புறப் பாட்டைப் பாடுகிறவர் தமக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம், ஆகவே அது யாருடைய தனிச்சொத்தும் ஆகாது என்பது அவர் வாதத்தின் மையம். நெருப்பில் காய்ச்சிச் சுருதி ஏற்றிய பறையை ஒரு சிறுமி தோளில் மாட்டி, இடக்கையில் நீண்ட சிம்புக்குச்சியும் வலக்கையில் அடிக்குச்சியும் பிடித்து ஆலயத்தின் நடுவில் நின்று அடிக்கும்போது, இத்தனை தலைமுறையாக அந்தக் கருவியைச் சுமந்தவர்கள் பட்ட அவமானத்துக்குச் சபை ஒரு பதில் சொல்கிறது. தோட்டத்துக்கு வந்த நம் முன்னோரில் பெரும்பாலோர் யார் என்பதை எண்ணிப் பார்க்கும் எவரும் இந்தப் பதிலை வேண்டாம் என்று சொல்லமாட்டார்கள் என நம்புகிறோம்.

மூன்றாவது கேள்வி இந்துப் பெற்றோருடையது. கலை என்று கூப்பிட்டு மதம் மாற்றுவார்களோ? கேட்பதற்கு அவர்களுக்கு முழு உரிமை உண்டு. அதனால் எங்கள் உறுதிமொழியை இங்கேயே எழுதிவைக்கிறோம். பயிற்சி வகுப்பில் ஜெபிக்கவோ ஆராதனைக்கு வரவோ எந்தப் பிள்ளையும் கட்டாயப்படுத்தப்படமாட்டாது, அழைக்கப்படவும் மாட்டாது. எந்த நாடகம், என்ன கதை என்பது பெற்றோருக்கு முன்கூட்டியே எழுத்தில் தரப்படும். அவர்கள் கையெழுத்தில்லாமல் பிள்ளை மேடையேறாது. விவிலியக் கதைகளோடு தோட்ட வரலாறும் திருக்குறளும் மேடைக்கு வரும். வகுப்பறைக் கதவு திறந்தே இருக்கும், எப்போதும் இரண்டு பெரியவர்கள் உடனிருப்பார்கள், பெற்றோர் எந்நேரமும் வந்து உட்காரலாம். முஸ்லிம்களிடையே பிற சமயப் பிரசாரத்தைக் கட்டுப்படுத்தும் அதிகாரத்தைக் கூட்டரசு அரசியலமைப்பின் 11(4)ஆம் பிரிவு மாநிலங்களுக்குத் தருகிறது. அந்த வரம்பை நாங்கள் முழுமையாக மதிப்போம். எங்கள் விசுவாசத்தை நாங்கள் மறைக்கவில்லை. மறைத்தால்தான் சந்தேகம் நியாயமாகும்.

பணமும் நேரமும் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். மண்டபம் இருக்கிறது, வாரத்தில் பெரும்பகுதி பூட்டிக் கிடக்கிறது. பறைக்கும் உறுமிக்கும் பியானோவின் விலை இல்லை. டியூஷன் கெடும் என்று அஞ்சும் பெற்றோருக்காக, எஸ்.பி.எம். மாணவர்களுக்குத் தேர்வுக் காலத்தில் ஓய்வு தருவோம்.

இனி நாங்கள் கேட்பது இது. தோட்டத்தில் கூத்தாடிய, பாடிய, மேளம் அடித்த பெரியவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால், அவர்களை எங்களிடம் பேசச் சொல்லுங்கள். அவர்கள் குரலைப் பதிவு செய்வதுதான் எங்கள் முதல் வேலை, ஏனென்றால் அது மட்டும் காத்திருக்காது. பழைய நாடக நோட்டுப் புத்தகம், பாட்டுப் புத்தகம், நிழற்படம் எதுவாயினும் படியெடுத்து உங்களிடமே திருப்பித் தருவோம். தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் பள்ளி முடிந்த பின் ஒரு மணி நேரம் உச்சரிப்பைப் பார்த்துத் தந்தால் பெரிய உதவி. உறுமி மேளக் குழு இளைஞர்களே, நீங்கள் எங்களுக்குக் கற்றுத்தர வாருங்கள்; கற்றுத்தருபவருக்குரிய மரியாதையும் ஊதியமும் உண்டு. துவாங்கு ஜபார் தொழிற்பேட்டையில் ஷிப்ட் வேலை பார்ப்பவர்களுக்காகப் பகலில் ஒரு நாளும் இரவில் ஒரு நாளும் பயிற்சி வைக்க எண்ணியிருக்கிறோம். போதகர்களும் மூப்பர்களும் இதைத் தங்கள் சபைக் கூட்டத்தில் வைத்துப் பேசி, மண்டபச் சாவியை யாரிடம் ஒப்படைப்பது என்பதை முடிவு செய்து தர வேண்டுகிறோம். வரும் குருத்தோலை ஞாயிறன்று பறையோடு பவனி போவதும், அதற்கு அடுத்து வரும் பொங்கல் முடிவதற்குள் இந்த வட்டாரத் தோட்டங்களின் கதையை ஒரு மணி நேர நாடகமாகப் போடுவதும் எங்கள் முதல் இலக்குகள். நடிக்க வருகிறவர்கள் பெயர் கொடுக்கலாம். மேடை கட்டத் தெரிந்த தச்சர்களும், உடை தைக்கத் தெரிந்த பெண்களும் அவ்வாறே.

இப்படிக்கு,
சுங்கை காடுட் வட்டாரத் தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பங்கள் சில