“சாரதியின் கவனயீனம்”

பண்டகசாலையிலே ஒரு தொழிலாளி போர்க்லிப்ட் வண்டியின் கீழ் நசுங்கி மாண்டால், அடுத்து வரப்போகும் அறிக்கையை நாம் முன்கூட்டியே எழுதி வைத்துவிடலாம். “சாரதியின் கவனயீனம்” என்ற இரண்டு சொற்களோடு அது முடிந்துவிடும். இச் சொற்களைப் போல முதலாளிமாருக்கு மலிவாய்க் கிடைத்த காப்புறுதி வேறில்லை!

அமெரிக்காவில் 1980 முதல் 1994 வரை இவ் வண்டிகளால் மாண்டோர் 1,021 பேர். அம் மரணங்களை அந் நாட்டு அரசின் தொழிற் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் வகைப்படுத்திற்று. நூற்றுக்கு 22 பேர் வண்டி கவிழ்ந்து மாண்டனர். நூற்றுக்கு 20 பேர் வண்டியில் ஏறியவரே அல்லர். நிலத்தில் நின்றபோது மோதுண்டவர்கள். நடப்பவனுக்கும் வண்டிக்கும் வெவ்வேறு பாதை வகுக்கத் தவறியவன் சாரதியா, பண்டகசாலையை நடத்துபவனா?

உழவு இயந்திரம் ஓட்டிப் பழகிய நம் விவசாயிகள் இதனை எளிதில் உணர்வர். போர்க்லிப்ட் பின்சக்கரங்களால் திரும்புவது. திரும்புகையில் அதன் பின்புறம் வெளியே வீசும். அங்கு நிற்பவன் தப்புவது அரிது. பாரத்தை உயரத் தூக்கியவாறு விரைந்து வளைந்தால் வண்டி பக்கவாட்டில் சரியும். அவ்வேளை குதித்தோடவே உள்ளம் தூண்டும். குதித்தவன் மீதே தலைக்கு மேலுள்ள இரும்புக் காப்பு விழுகிறது! ஆசனப்பட்டி அணிந்து, பிடியை விடாது, சரியும் திசைக்கு எதிரே சாய்ந்து இருக்கையிலேயே இருப்பவனுக்குத்தான் பிழைக்கும் வாய்ப்பு அதிகம். இயல்பூக்கத்துக்கு மாறான இவ்வறிவு பயிற்சியின்றி வருமா?

பயிற்றிப் பரீட்சித்த பின்னரே வண்டியைக் கொடுக்கவேண்டும், 3 ஆண்டுக்கு ஒருமுறையேனும் மீளப் பரீட்சிக்கவேண்டும் என்ற விதி அமெரிக்காவில் 1999 இல் நடைமுறைக்கு வந்தது. அங்கும் மரணங்கள் ஓய்ந்தபாடில்லை என்பது மெய்யே. “விரைவாக ஏற்று, விரைவாக இறக்கு” என்று விரட்டுபவனுக்கு எப் பரீட்சையும் கிடையாதல்லவா?

நம் நாட்டில் 1934 ஆம் ஆண்டின் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் உண்டு. அதன் உச்சத்தொகை 2022 இல் 550,000 ரூபாவிலிருந்து 2,000,000 ரூபாவாக உயர்த்தப்பட்டது. நன்று. ஆயினும் அது பிணத்தின் பின் எண்ணப்படும் பணம்.

பாதுகாப்பென்றால் செலவு, செலவென்றால் உங்கள் வெங்காய மூடைக்குக் கூலி ஏறும் என்று விவசாயியை அச்சுறுத்துவர். தரையிலே நடைபாதைக் கோடு கீற எத்தனை தகரம் மை வேண்டும்?

இனி நிகழும் ஒவ்வொரு விசாரணையிலும் சாரதிக்கு முன்னர் முதலாளியை நிறுத்தவேண்டும். திறப்பைக் கொடுத்தவர் யார்? பயிற்சிப் பதிவு எங்கே? பிறேக் கடைசியாகப் பரிசோதிக்கப்பட்ட தேதி என்ன? இவற்றுக்கு எழுத்தில் விடை வரும்வரை “கவனயீனம்” என்ற சொல்லை எந்த அதிகாரியும் அறிக்கையில் எழுதலாகாது.